மூன்று பைட் வித்தியாசம்: விக்கிப்பீடியாவில் சேலத்து அரசியல் வரலாறு படும் பாடு

"கலவரம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் "படுகொலை" என்று போட்டுச் சேமித்தால், கட்டுரையில் செய்த திருத்தங்களைப் பதிந்துவைக்கும் விக்கிப்பீடியாவின் வரலாற்றுப் பக்கத்தில் பச்சை நிறத்தில் +3 என்று விழும். ஒருங்குறியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் குறி என்பதால் கலவரத்துக்கு ஆறு குறி, படுகொலைக்கு ஏழு. கூடிய அந்த ஒரு குறிக்காக இரண்டு பேர் ஒரு வாரம் மாறி மாறி மீளமைத்துக்கொண்டிருக்க, அதாவது மற்றவர் மாற்றியதைப் பழையபடி திருப்பிக்கொண்டிருக்க முடியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெட்டி வேலை. சண்டை போடுகிறவர்களுக்கோ, 1950-ல் சேலம் சிறையில் நடந்ததை நாளைய பிள்ளைகள் எந்தப் பெயரில் படிப்பார்கள் என்ற கேள்வி.

சேலத்தைப் பற்றிய கட்டுரைகளில் இந்த மாதிரி இடறுகிற இடங்கள் கொஞ்சநஞ்சமல்ல. 1882 கலவர வழக்கு, 1937 மதுவிலக்கு, 1944 மாநாடு, 1950 சிறைத் துப்பாக்கிச் சூடு, 1971 ஊர்வலம், உருக்காலை, எட்டுவழிச் சாலை என்று வரிசையாக வரும். ஊர்ப் பெயரிலேயே தகராறு தொடங்கிவிடுகிறது. "சைலம்" என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று ஒருவர் எழுதினால், "சேரலம்" என்பதுதான் மருவியது என்று இன்னொருவர் திருத்துவார். இரண்டு பேருக்கும் சொல்லாராய்ச்சியில் பெரிய அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. வடமொழியா தமிழா என்பதுதான் அங்கே நடக்கிற வழக்கு.

சிறைச் சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலானோர் மலபார்க்காரர்கள். அன்றைக்கு மலபார் சென்னையோடு சேர்ந்திருந்தது. முதலமைச்சர் பி.எஸ். குமாரசாமி ராஜா. இதை ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "சேலம் சிறையில் நடந்த கலவரத்தில் 22 கைதிகள் இறந்தனர்." மற்றவர் இப்படி மாற்றுகிறார்: "காங்கிரஸ் அரசு 22 தோழர்களைச் சுட்டுப் படுகொலை செய்தது."

முதல் வாக்கியத்தில் பொய் எதுவும் கண்ணுக்குப் படாது. ஆனால் சுட்டவன் யார் என்பது அதில் காணாமல் போய்விட்டது. கலவரத்தில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு செத்துப்போனதாகவும் அதைப் படிக்கலாம். இரண்டாவதில் சுட்டவர் தெரிகிறார். கூடவே எழுதியவரும் தெரிகிறார். "தோழர்" என்பது கட்சிக்காரர் கட்சிக்காரரை அழைக்கும் சொல், கலைக்களஞ்சியம் யாருக்கும் தோழர் இல்லை. "படுகொலை" ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு, ஆனால் சொன்னது யார் என்பது வாக்கியத்தில் இருக்க வேண்டும். ஆக, நிற்கக்கூடிய வடிவம் இப்படி வரும்: "1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் காவலர்கள் நடத்திய துப்பாக்கிச் சூட்டில், கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த 22 கைதிகள் கொல்லப்பட்டனர். கம்யூனிஸ்ட் கட்சிகள் இந்நிகழ்வைப் படுகொலை எனக் குறிப்பிடுகின்றன." அடுத்த வரியில் அரசுத் தரப்பு சொன்னதைத் தேதியோடும் ஆவணத்தோடும் சேர்க்க வேண்டும். ஆவணம் கையில் கிடைக்கும் வரை அந்த வரி காலியாகவே இருக்கட்டும். "அரசு வேறு விதமாகக் கூறியது" என்று மொட்டையாக எழுதி வைத்தால் அடுத்த சண்டைக்கு அதுவே விதை.

இதில் இன்னொரு பொடி விஷயமும் உண்டு. நிகழ்வு நடந்தது நாடு குடியரசாகிப் பதினாறாம் நாள். "சென்னை மாகாணம்" என்று எழுதினால் பிழை, மாநிலமாகிவிட்டது. இப்படிப்பட்ட பிழை ஒன்று இருந்தாலே எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பத்தியையும் தூக்கிவிடும்.

தமிழில் வினைச்சொல் தேர்வதே பாதி அரசியல். இறந்தனர், உயிரிழந்தனர், பலியாயினர், கொல்லப்பட்டனர், வீரமரணம் எய்தினர், தியாகிகளாயினர்: ஆறும் ஒரே நிகழ்வுக்கு ஆறு கட்சிகள். அடைமொழி இன்னொரு தொல்லை. தந்தை பெரியார், மூதறிஞர் ராஜாஜி, பெருந்தலைவர் காமராசர், பேரறிஞர் அண்ணா என்று மேடையில் சொல்லிப் பழகிய வாய்க்கு, அடைமொழி நீக்கிய பெயர் அவமரியாதையாகத் தோன்றும். ஒருவர் நீக்குவார், மூன்று பேர் சேர்ப்பார்கள். நடைமுறை என்னவென்றால், அடைமொழி உண்டு என்பதை முதல் பத்தியில் ஒரு தடவை தகவலாகச் சொல்லிவிட்டு, பிறகு வெறும் பெயரை எழுதுவது. சேலம் விஜயராகவாச்சாரியாருக்குத் "தென்னிந்தியாவின் சிங்கம்" என்று பெயர் உண்டு. அதை அப்படி ஒரு முறை சொன்னால் போதும், பத்திக்குப் பத்தி சிங்கம் கர்ஜிக்க வேண்டியதில்லை. சாதிப் பின்னொட்டும் இதே கதைதான். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பின்னொட்டை விடச் சொன்னது என்பதற்காக, அதற்கு முந்தைய தலைவர்களின் பெயரை நாம் வெட்ட முடியாது. அச்சில் எந்தப் பெயரில் அறியப்பட்டாரோ அதுதான் தலைப்பு.

அதே விஜயராகவாச்சாரியார் 1882 கலவரத்தைத் தூண்டினார் என்று குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனை பெற்றவர். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. பின்னாளில், 1920 நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். ஒருவர் தண்டனையோடு நிறுத்துவார், இன்னொருவர் விடுதலையிலிருந்து தொடங்குவார். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரவேண்டும். இரண்டு வாக்கியமாகப் பிரித்தால் ஒன்றை வெட்டுவது சுலபம், அவ்வளவுதான் சூட்சுமம்.

தகவல் பெட்டி என்று கட்டுரையின் ஓரத்தில் இருக்கிறதே, கடுமையான சண்டை அங்கேதான். பத்தியில் "என்று சிலர் கருதுகின்றனர்" என்று நீட்டி முழக்கலாம், பெட்டியில் ஒரு கட்டத்துக்கு ஒரு விடைதான். நீதிக்கட்சி முடிந்த ஆண்டு எது? 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலம் மாநாட்டில் அண்ணாதுரை தீர்மானம் நிறைவேறி, கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. பட்டங்களையும் கௌரவ பதவிகளையும் துறக்கச் சொன்ன அந்தத் தீர்மானத்தை ஏற்காதவர்கள் பழைய பெயரிலேயே தொடர்ந்தார்கள், பி.டி. ராஜன் தரப்பு 1952 தேர்தல் வரை நின்றது. ஆகவே "கலைக்கப்பட்டது: 1944" என்று பெட்டியில் போட்டால் ஒரு தரப்பு வரும், "1952" என்று போட்டால் மறு தரப்பு வரும். "கலைக்கப்பட்டது" என்ற சொல்லே இரண்டுக்கும் பொருந்தாது என்பதுதான் உண்மை. பெயர் மாறியது, பிரிந்தது, தேய்ந்தது. திராவிடர் கழகத்தின் தொடக்க ஆண்டுக்கும் இதே சிக்கல்: அமைப்பின் வேரைக் கணக்கிட்டால் 1916, இயக்கத்தைக் கணக்கிட்டால் 1925, பெயரைக் கணக்கிட்டால் 1944. இப்படிப்பட்ட கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவது தோல்வி ஆகாது. வாசகரைப் பத்திக்கு அனுப்புவதுதான் நேர்மை.

எல்லைக் கோடு மாறுவதும் சண்டை கிளப்பும். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி 1878-ல் சேலம் மாவட்டம். 1965-ல் தருமபுரி பிரிந்தது, 1997-ல் நாமக்கல், 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி. தொரப்பள்ளி இன்று கிருஷ்ணகிரியில். அன்றைய மாவட்டத்தை முதலிலும் இன்றைய மாவட்டத்தை அடைப்புக்குறியிலும் போட்டுவிட்டால் முடிந்தது. 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது என்று எழுதும்போதும், அது இன்றைய நான்கு மாவட்டம் சேர்ந்த பரப்பு என்று ஒரு வரி வேண்டும். இல்லையேல் தருமபுரிக்காரர் வந்து கேட்பார். கேட்பதும் நியாயம்தான்.

இனி 1971. அந்த ஆண்டு ஜனவரி 23, 24 தேதிகளில் சேலத்தில் திராவிடர் கழகம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தியது. ஊர்வலம் போனது, ஜனசங்கத்தினர் கறுப்புக் கொடி காட்டினார்கள். இதுவரை தகராறு இல்லை. செருப்பு என்ற சொல் வந்ததும் தகராறு ஆரம்பம். பெரியார் மீது எதிர்ப்பாளர் வீசிய செருப்பு தவறிப்போய் ஊர்தியில் விழுந்தது, அதை எடுத்துத்தான் ஒருவர் ராமர் படத்தை அடித்தார் என்பது கழகத் தரப்பு சொல்வது. 2020 ஜனவரி 14 அன்று துக்ளக் பொன்விழாவில் ரஜினிகாந்த், ராமர், சீதை உருவங்களை உடையில்லாமல் செருப்பு மாலையோடு ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்று பேசினார். எதிர்ப்பு வந்தபோது ஜனவரி 21 அன்று, மன்னிப்புக் கேட்க மறுத்து, 2017-ல் ஒரு ஆங்கில வார இதழில் வந்த செய்தியை எடுத்துக் காட்டினார்.

கட்டுரை எழுதுகிறவர் இங்கே மூன்று வெவ்வேறு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 1971-ல் நடந்தது ஒன்று. 1971-ல் அதைப் பற்றி அச்சானது இன்னொன்று. 2020-ல் அதைப் பற்றிப் பேசப்பட்டது மூன்றாவது. 2020 ஜனவரிச் செய்திகள் நூறு சேர்த்து மேற்கோள் காட்டினாலும், அவை மூன்றாவதற்கு மட்டும்தான் சான்று. 46 ஆண்டு கழித்து வந்த இதழ்ச் செய்தி, அன்றைய செய்தியை எங்கிருந்து எடுத்தது என்று சொன்னால் ஒழிய, முதலாவதற்குப் போதாது. 1971-க்குச் சான்று வேண்டுமானால் அந்த வார நாளிதழ்களையும், கழக ஏடான விடுதலையையும், துக்ளக்கையும் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அவையும் தரப்புள்ள ஏடுகள்தான். ஆகவே "விடுதலை தெரிவித்தது", "துக்ளக் தெரிவித்தது" என்று அவரவர் வாயில் வைத்தே எழுத வேண்டும். ரஜினிகாந்த் வாழும் மனிதர் என்பதால், அவரைப் பற்றிச் சான்றில்லாமல் எழுதிய எதிர்மறை வரியை எவரும் உடனே நீக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் அப்படி நீக்குவது மீளமைப்புக் கணக்கிலேயே வராது.

இதே கட்டுரையில் வழக்கமாக விழுகிற குழி ஒன்று உண்டு. "1971 ஜனவரியில் ஊர்வலம் நடந்தது. மார்ச் தேர்தலில் தி.மு.க. 184 இடங்களில் வென்றது. மக்கள் இந்தப் பிரச்சாரத்தைப் பொருட்படுத்தவில்லை." முதல் வரி சரி, இரண்டாவது சரி, மூன்றாவது எழுதியவரின் சொந்த ஆய்வு. இரண்டு உண்மையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்றாவதைப் பிறக்கவைப்பது விக்கிப்பீடியாவில் கூடாது. அந்த முடிவை ஒரு வரலாற்றாசிரியர் எழுதியிருந்தால் அவர் பெயரோடு சேர்க்கலாம். உருக்காலையை யார் கொண்டுவந்தார் என்ற வழக்குக்கும் இதுவே மருந்து. "கொண்டுவந்தார்" என்ற வினையைக் கீழே போட்டுவிட்டு, கோரியவர், ஒப்புதல் தந்தவர், 1970-ல் அடிக்கல் நாட்டிய இந்திரா காந்தி என்று ஒவ்வொரு செயலுக்கும் அதற்குரிய வினையைக் கொடுத்தால் சண்டை பாதி அடங்கும்.

சாலைக்குப் பெயர் வைப்பதில் அது கூட அடங்காது. சேலம்–சென்னைத் திட்டம் அரசு வாயில் "பசுமைவழிச் சாலை", நிலம் பறிபோகிறவர் வாயில் "எட்டுவழிச் சாலை". 277 கிலோமீட்டர், இரண்டு பெயர். 2019 ஏப்ரல் 8-ல் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் புதிதாக அறிவிக்கை கொடுத்துத் தொடரலாம் என்றது. தலைப்பு எது என்று கேட்டால், நாளிதழ்களில் எது அதிகம் புழங்குகிறதோ அது, மற்றது வழிமாற்று. வழிமாற்றுப் பக்கம் இருந்தால் எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே கட்டுரைக்குத்தான் வந்து சேர்வார்கள்.

சண்டை முற்றினால் என்ன நடக்கும்? ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே கட்டுரையில் 24 மணி நேரத்துக்குள் ஒருவர் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது. நான்காவது மீளமைப்பு தடைக்கு வழி. வெவ்வேறு பத்தியில் செய்தாலும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். மூன்று தடவை நமக்கு உரிமை என்று நினைத்து, 25-ஆம் மணி நேரத்தில் நான்காவதைப் போடுகிற சாமர்த்தியமும் செல்லாது. அடுத்தது பக்கத்தைப் பூட்டுவது. அரைப் பூட்டுப் போட்டால், கணக்குத் தொடங்கி நான்கு நாளும் பத்துத் தொகுப்பும் (சேமித்த திருத்தமும்) ஆகாதவர் கை வைக்க முடியாது. தெற்காசியாவின் சில சூடான தலைப்புகளில் 30 நாள், 500 தொகுப்பு என்ற வரம்பும் உண்டு. பூட்டுகிற நிர்வாகி, அந்த நொடியில் எந்தப் பதிப்பு நிற்கிறதோ அதன் மேல்தான் பூட்டுவார். "தப்பான பதிப்பைப் பூட்டிவிட்டார்" என்ற புகார் எல்லா மொழியிலும், எல்லாப் பூட்டுக்கும் வரும்.

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஆள் குறைவு. ஒரு தலைப்பை நன்றாகத் தெரிந்த நான்கு பேர் சேர்ந்தாலே பெரிய விஷயம். அதனால் விதியைவிட உரையாடல் பக்கம்தான் வேலை செய்கிறது, அங்கே தீராதது ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்துக்குப் போகும். அங்கே வாதம் எடுபட வேண்டுமானால் "நடுநிலை இல்லை" என்று கூவிப் பயனில்லை. எந்த வாக்கியம், எந்தச் சொல், அதற்குப் பதில் என்ன சொல், அதற்கு எந்த நூலின் எத்தனையாவது பக்கம்: இந்த நான்கும் வேண்டும். வாட்சப் குழுவில் சொல்லி இருபது பேரைப் புதுக் கணக்கில் இறக்குவது அடிக்கடி நடக்கிறது. முதல் தொகுப்பே சிறைக் கட்டுரையில் செய்த இருபது கணக்கைப் பார்த்ததும் எவருக்கும் புரிந்துவிடும். வாக்கெடுப்பு இல்லை என்பதால் தலை எண்ணிக்கைக்கு மதிப்பும் இல்லை.

சத்தமில்லாமல் நடக்கும் சேதம்தான் ஆபத்து. சான்று அப்படியே இருக்க, 22 என்பதை 23 ஆக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பைட் கணக்கில் வித்தியாசம் பூஜ்யம். வரலாற்றுப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் 0 என்று நிற்கும், யார் கண்ணிலும் படாது. எழுத்துப்பிழை திருத்தம் என்று தொகுப்புச் சுருக்கமும் போட்டிருப்பார்கள். கவனிப்புப் பட்டியல் வைத்திருப்பவர்கள் +2000 வந்தால் ஓடிவருகிறார்கள், 0 வந்தால் தாண்டிப் போகிறார்கள். பார்க்க வேண்டியது பூஜ்யத்தைத்தான்.

இன்னொன்று சுற்றுச் சான்று. சான்றில்லாத ஒரு வரி கட்டுரையில் கிடக்கும். அதை ஒரு செய்தித்தளம் சிறப்புக் கட்டுரைக்கு உருவும். பிறகு அந்தச் செய்தியே அந்த வரிக்குச் சான்றாக வந்து உட்காரும். கண்டுபிடிக்கும் வழி சுலபம். அந்த வரி கட்டுரைக்குள் முதலில் நுழைந்த தேதியை வரலாற்றுப் பக்கத்தில் பழைய பதிப்புகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடினால், ஆயிரம் தொகுப்புள்ள கட்டுரையிலும் பத்துச் சொடுக்கில் கிடைக்கும். செய்தி வெளியான தேதி அதற்குப் பிந்தியது என்றால், அது சான்றாக நிற்காது.

சான்றுக்கு இணைய இணைப்பு கட்டாயம் என்பது பரவலான தவறான நம்பிக்கை. நாளிதழ் பெயர், பதிப்பு ஊர், தேதி, பக்கம், தேவையான வரிகள் இருந்தால் போதும். தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் நாளெல்லாம் உட்கார்ந்து எடுத்த ஒரு பக்க எண், இருபது இணைப்பைவிட வலுவானது. மாநாட்டு மலர்களும் கட்சி வெளியீடுகளும் கட்சி என்ன சொன்னது என்பதற்குச் சான்று, நடந்தது என்ன என்பதற்குச் சான்றில்லை. வெள்ளைக்காரர் கால மாவட்ட நூல்களை, அதாவது 1883-ல் லெ ஃபானு தொகுத்ததையும் 1918-ல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியரையும், காப்புரிமை முடிந்தது என்று அள்ளி ஒட்டுகிறார்கள். வரி வசூல் கணக்குக்கு அவை பயன்படும். சாதிகளைப் பற்றி அவற்றில் உள்ளதை இன்று அப்படியே ஒப்பிப்பது அன்றைய கலெக்டர் ஆபீஸ் வாயால் பேசுவது.

இந்த விதிகளெல்லாம் மலை ஏறியதும் தடுமாறுகின்றன. ஏற்காட்டு வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்னிலும் அவர் கொண்டுவந்த காபியிலும் தொடங்கும். ஏனென்றால் அதற்குத்தான் அச்சுச் சான்று இருக்கிறது. அதற்கு முன்னும் சேர்வராயன் மலையில் ஆள் இருந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் மலையாளிப் பழங்குடிகள் தங்கள் நிலம் தோட்டமான கதையைப் பாட்டாகவும் வாய்மொழியாகவும் வைத்திருக்கிறார்கள். பாட்டுக்குப் பக்க எண் கிடையாது. அச்சகம் வைத்திருந்தவர் வரலாறுதான் மெய்யறிதன்மைச் சோதனையில், அதாவது வெளியான சான்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியுமா என்ற சோதனையில் தேறும் என்பது இந்த முறையின் பெரிய ஓட்டை, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. முழுக்க அடைக்க வழியில்லாவிட்டாலும் குறைக்க வழி உண்டு. வாய்மொழியைப் பதிவு செய்த பல்கலைக்கழக ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் கிடக்கின்றன, நிலத் தீர்ப்புகள் பொது ஆவணம், உதகை பழங்குடி ஆய்வு மையம் வெளியிட்டவை உள்ளன. "காக்பர்ன் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்" என்ற வரியை, "காக்பர்ன் காலத்தில் காபித் தோட்டங்கள் தொடங்கின" என்று சுருக்குவதற்குப் புதுச் சான்று கூட வேண்டாம். பழைய சான்றே அவ்வளவுதான் சொல்கிறது.

கடைசியாக ஒரு சின்ன வேலை, யாரும் சண்டைக்கு வராதது. கட்டுரையில் "மலையாளி" என்று எழுதி இரட்டைச் சதுர அடைப்பு போட்டால், இணைப்பு நேராகக் கேரளத்து மலையாளிகளிடம் கொண்டுபோய் விட்டுவிடும். சேர்வராயனிலும் கல்வராயனிலும் கொல்லிமலையிலும் வாழ்கிறவர்கள் வேறு மக்கள், பேசுவது தமிழ், அட்டவணைப் பழங்குடிகள். கேரளக் கட்டுரையைத் திறந்து "இப்பக்கத்தை இணைத்தவை" என்பதைச் சொடுக்கினால், அங்கே இணைந்திருக்கும் பக்கங்களின் பட்டியல் வரும். அதில் சேலம், நாமக்கல், கள்ளக்குறிச்சி மலை ஊர்கள் ஏதும் இருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து, அடைப்புக்குள் ஒரு செங்குத்துக் கோடு (|) போட்டு, அதற்கு இடப்பக்கம் பழங்குடிக் கட்டுரையின் சரியான தலைப்பையும் வலப்பக்கம் "மலையாளி" என்பதையும் வைத்துச் சேமிக்க வேண்டும். படிப்பவர் கண்ணுக்குச் சொல் மாறாது, சொடுக்கினால் போய்ச் சேரும் இடம் மாறும்.